நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்த எக்ஸ்ரே கவரை மடிக்காதீங்க தம்பி. இப்படிக் கொடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். பரவால்ல, கொடுங்க. என் பையை மட்டும் கீழ வைக்க மாட்டேன். அதுல ஒரு புத்தகம் இருக்கு, இருக்கிறதே அந்த ஒரு பிரதிதான்.

யாருக்கு எக்ஸ்ரே? அம்மாவுக்கா? முட்டிதான? கவரைப் பார்த்ததுமே நினைச்சேன். பட்டுக்கோட்டையில இறங்குவீங்களா? நான் பேராவூரணி வரைக்கும் போகணும். ஒன்பதே காலுக்கு எடுப்பேன்னு சொன்னான், மணி ஒன்பது இருபத்தஞ்சு. டிரைவர் இன்னும் டீயை ஆத்திக்கிட்டு நிக்கிறான் பாருங்க. என் அவசரம் அவனுக்கு எங்க தெரியப்போகுது.

அவசரம்னா, அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லை. ஒருத்தரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்.

டிங்குன்னுச்சே, அது என் போன்தான். நம்ம புத்தகம் ஒண்ணு வித்தா அப்படிச் சத்தம் கொடுக்கும். நான் பதிப்பகம் வச்சிருக்கேன் தம்பி. பொன்வயல் பதிப்பகம், கீழவாசல். அமிர்தலிங்கம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. முப்பத்தொரு வருஷம். அச்சுப் புத்தகம் போட்ட காலத்துல ஒரு பிரதி வித்தா அது யார் கைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும். திருவையாத்து நாகஸ்வரக்காரர் ஒருத்தர் வாங்குவார், மன்னார்குடி டீச்சரம்மா ஒருத்தங்க வாங்குவாங்க. இப்ப டிங்குங்குது, அவ்வளவுதான். யாரு வாங்கினாங்க, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. கேட்டா சொல்லவும் மாட்டாங்க.

இன்னைக்குக் காலையிலேர்ந்து இது ஆறாவது டிங். எல்லாம் ஒரே புத்தகம்தான். நாட்டு மருந்துப் புத்தகம். இந்த மாசம் மின்னூல் விக்கிற ஆப்புல அதை முகப்புல போட்டிருக்காங்க. முப்பத்தொரு வருஷத்துல நான் போட்ட எந்தப் புத்தகத்தையும் யாரும் எங்கயும் முகப்புல வச்சது கிடையாது. அதுல முட்டி வலிக்குக்கூட ஒரு தைலம் இருக்கு, உங்க அம்மாவுக்கு...

இல்ல. வேண்டாம். நீங்க ஆஸ்பத்திரியிலயே பாருங்க. அதுதான் நல்லது.

அப்பாடா, எடுத்துட்டான்.

எழுதினவர் குழந்தைவேலனார்னு ஒரு வைத்தியர். கரந்தையில இருந்தார். தங்கமான மனுஷன், ஆனா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவர் கொடுத்தது அஞ்சு நோட்டு. எங்க ஆபரேட்டர் ஒரு வருஷம் உட்கார்ந்து அடிச்சான். எங்க புரூப் ரீடர் தேவகுஞ்சரி நாலு தரம் படிச்சாங்க. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. ஆயிரத்து இருநூறு பிரதி அச்சாகி, பைண்டிங் முடிஞ்சு, கட்டு கட்டா வந்து இறங்கியாச்சு. முதல் பிரதியை வைத்தியர் கையில கொடுக்கிறேன். தேங்காய் எல்லாம் உடைச்சாச்சு. அவர் புத்தகத்தை நடுவுல திறந்தார். திறந்தவர் முகம் அப்படியே போயிடுச்சு.

நூத்திப் பன்னெண்டாம் பக்கம். முட்டி வலித் தைலம். அதுக்குக் கீழயே வயித்துப் பொருமலுக்கு ஒரு லேகியம். பக்கத்துல இடம் பத்தலைன்னு ஆபரேட்டர் கடைசி வரிகளை வெட்டி மேலயும் கீழயும் நகர்த்தியிருக்கான். நகர்த்தினப்ப ரெண்டு வரியும் இடம் மாறிப்போச்சு. லேகியத்தை முட்டியில பூசி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுது. தைலத்தை உள்ளுக்குக் குடிக்கச் சொல்லுது. லேகியத்தைப் பூசினா எறும்பு வரும், துடைச்சுக்கலாம். தைலம் அப்படி இல்லையே. அதுல எட்டிக்கொட்டை சேருது. வைத்தியர் சத்தமே போடலை. "அமிர்தலிங்கம், இது ஆளைத் தூக்கிடும்"னு மட்டும் சொன்னார்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஒரு பிரதி வெளிய போகலை. ஒரே ஒரு பிரதி போகலை தம்பி. அதைக் கவனிங்க. அன்னைக்கே சின்னதா ஸ்லிப் அச்சடிச்சேன். "மேலே பூச மட்டும்." மைதாப் பசை காய்ச்சி, நானு, என் சம்சாரம், தேவகுஞ்சரி, பைண்டர் வீட்டு ஆளுங்க எல்லாரும் உட்கார்ந்து மூணு நாள் ஒட்டினோம். ஆயிரத்து இருநூறு புத்தகத்துலயும் அந்தத் தப்பு வரி மேல அந்த ஸ்லிப். லேகியத்துக்கும் ஒண்ணு. தேவகுஞ்சரி விரல் வெந்துபோச்சு. அப்படி ஒட்டினோம். பொறுப்பு இல்லாத ஆளா இருந்தா அப்படிச் செய்வேனா? நீங்களே சொல்லுங்க.

கம்ப்யூட்டர்ல திருத்தினீங்களான்னா? எதுக்குத் திருத்தணும்? புத்தகம்தான் அச்சாயிடுச்சே. அச்சான புத்தகத்தோட ஃபைலை யாராவது திறந்து உட்கார்ந்திருப்பாங்களா? தேவகுஞ்சரி சொல்லத்தான் செஞ்சாங்க. "சார், ஃபைல்லயும் மாத்திடலாம் சார்"னு. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். எங்க தொழில்ல இது தினம் நாலு தரம் சொல்ற வார்த்தை தம்பி. அடுத்த பதிப்பு எங்க வந்துச்சு? ஆயிரத்து இருநூறு விக்கவே பதினெட்டு வருஷம் ஆச்சு. வைத்தியரும் போய்ச் சேர்ந்துட்டார்.

ஒரத்தநாடு எப்ப வரும்? இன்னும் இருக்கா? என்ன இவன் உருட்டிக்கிட்டே போறான்.

போன வருஷம் எல்லாரும் மின்னூல் மின்னூல்னாங்க. நானும் இறங்கினேன். அது லேசுப்பட்ட வேலை இல்லை தம்பி. எங்க காலத்துல ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல ஃபைலைத் திறந்தா ஒரே கிறுக்கலா வரும், தமிழா என்ன பாஷைன்னு தெரியாது. சீடியில பூஞ்சை. ஆபரேட்டர் சிங்கப்பூர்ல. எப்படியோ எடுத்து மதுரையில ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். அங்க நித்திலான்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான், ஆனா நச்சு. "சார், அச்சுப் பிரதி ஒண்ணு அனுப்புங்க சார், ஒப்பிட்டுப் பார்க்கணும்." மூணு தரம் கேட்டுச்சு. எங்கிட்ட இருந்ததே ஒரு பிரதி. கூரியர்ல போட்டுத் தொலைஞ்சுட்டா? ஃபைல்தாம்மா மூலம், அதுல இருக்கிறபடி போடுன்னுட்டேன்.

அப்புறம் சந்தேகப் பட்டியல்னு ஒண்ணு அனுப்புச்சு பாருங்க. முந்நூத்தி நாப்பது சந்தேகம்! கட்டம் உடைஞ்சிருக்கு, இந்தப் படம் எங்க வரணும், அடிக்குறிப்பு நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு, இந்த வரி இங்க பொருந்துதா பாருங்க, அந்த வரி அங்க பொருந்துதா பாருங்கன்னு. மனுஷன் எத்தனைக்குப் பதில் எழுத முடியும்? பத்துப் பதினஞ்சு பார்த்தேன். மிச்சத்துக்கெல்லாம் "மூலத்தில் உள்ளபடி"ன்னு போட்டு ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்.

அதுல இந்தத் தைலமும் இருந்துச்சான்னா கேக்கறீங்க? இருந்திருக்கலாம். நான் திரும்பப் பார்க்கலை. இப்பப் பார்த்து என்ன ஆகப்போகுது.

தேவகுஞ்சரியைக் கூப்பிட்டிருக்கலாம். படிச்சுக் கொடுன்னா கொடுத்திருப்பாங்க. ஆனா அவங்க வேலையை விட்டப்ப சொல்லிட்டுப் போன வார்த்தை இன்னும் எனக்கு உறுத்துது. "உங்களுக்குப் புத்தகம் வெளிய வந்தாப் போதும் சார், உள்ள என்ன இருக்குன்னு அக்கறை இல்லை"ன்னாங்க. முப்பத்தொரு வருஷமா சோறு தண்ணி இல்லாமக் கிடந்து உழைக்கிறவனைப் பார்த்து ஒரு பொம்பளை சொல்ற வார்த்தையா இது? அப்படிப்பட்டவங்ககிட்டப் போய் நிப்பேனா?

அவங்களே போன மாசம் போன் பண்ணினாங்க. மின்னூல் வந்ததை யார் சொன்னாங்களோ. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கிடையாது. "சார், ஸ்லிப்பைச் சேர்த்தீங்களா?" எனக்குச் சுர்ருன்னுச்சு. எல்லாம் சேர்த்தாச்சும்மான்னேன். "நூத்திப் பன்னெண்டாம் பக்கம் சார், தயவு பண்ணித் திறந்து பாருங்க"ன்னாங்க. நானும் திறந்து பார்த்தேன் தம்பி. பார்க்காம விட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. இதே போன்ல நூத்திப் பன்னெண்டு போட்டுத் திறந்தேன். இருமலுக்கு ஆடாதொடைக் கசாயம் வந்துச்சு. சரியா, சுத்தமா, ஒரு தப்பு இல்லாம. பார்த்தாச்சும்மா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி வச்சுட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? மின்னூல்ல பக்கமே கிடையாதாமே. எழுத்தைப் பெருசு பண்ணினா பக்கம் கூடுமாம், சின்னது பண்ணினா குறையுமாம். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எழுத்தைப் பெருசா வச்சிருக்கேன். என் நூத்திப் பன்னெண்டு வேற, உங்க நூத்திப் பன்னெண்டு வேற. இப்படி ஒரு புத்தகத்தை எவன் கண்டுபிடிச்சான்? வைத்தியர் நூத்திப் பன்னெண்டுன்னா அது ஆயிரத்து இருநூறு புத்தகத்துலயும் நூத்திப் பன்னெண்டுதான்.

இன்னொரு டிங். ஏழு.

சனிக்கிழமை ஒரு மெசேஜ் வந்துச்சு. மதிவாணன்னு ஒருத்தர், பேராவூரணி, சர்வே ஆபீஸ்ல வேலை. நம்ம பழைய வாசகர்தான். வருஷா வருஷம் விலைப்பட்டியல் கேட்டு எழுதுவார், அதனால முகவரி எங்கிட்ட இருக்கு. "ஐயா, தங்கள் நூலில் உள்ளபடி முட்டி வலித் தைலம் காய்ச்சிவிட்டேன். அம்மாவுக்குத் திங்கட்கிழமை காலை முதல் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?" கூடவே பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கருப்பா, கழுத்து வரைக்கும் ரொப்பி, மூடியில துணி கட்டி.

ஆமா தம்பி, இன்னைக்குத்தான் திங்கட்கிழமை.

சனிக்கிழமையே பார்த்தேனான்னா, பார்த்தேன். பார்த்தேன்னா, எப்படிச் சொல்றது. கல்யாண வீட்டுல இருந்தேன். பந்தி நடக்குது. ஒரு நாளைக்கு இருபது மெசேஜ் வரும். எனக்கு ஒரு பழக்கம், எந்த வாசகருக்கும் பதில் போடாம இருக்க மாட்டேன். அது மரியாதை. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத முடியுமா? அதனால ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், தொட்டாப் போயிடும். "நூலில் உள்ளபடியே பின்பற்றவும். நன்றி. பொன்வயல் பதிப்பகம்."

அதுதான் போச்சு.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க? எனக்கு அப்பத் தெரியாதே. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்குக் காப்பியும் கையுமா உட்கார்ந்து மெசேஜை எல்லாம் தள்ளிக்கிட்டு வர்றேன். அந்தப் பாட்டில் திரும்பக் கண்ணுல பட்டுச்சு. தைலத்துக்கு எதுக்கு வெறும் வயிறுன்னு தோணுச்சு. வைத்தியர் சொன்ன அதே குரல் காதுல கேக்குது. காப்பியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன்.

போன் பண்ணினேன். மூணு தரம் பண்ணினேன். அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு. அதுக்கு மேல பண்ணலை. விடாம அடிச்சா என்னமோ ஏதோன்னு அவங்க பதறிட மாட்டாங்களா?

மெசேஜா? "கொடுக்காதீங்க"ன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்தான். நீங்க சின்ன வயசு, உங்களுக்கு அது சுலபமாத் தெரியுது. எழுத்துல ஒண்ணைப் போட்டா அது நாளைக்கு எங்க போய் நிக்கும்? "புத்தகத்துல தப்பு இருக்கு, கொடுக்காதீங்க"ன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? நேர்ல போனா பக்குவமா சொல்லலாம். புத்தகத்தைக் காட்டலாம். பாருங்க சார், எங்க புத்தகத்துல சரியாத்தான் இருக்கு, ஸ்லிப் ஒட்டியிருக்கு, மதுரைக் கம்பெனிதான் கோட்டை விட்டுட்டான்னு எடுத்துக் காட்டலாம். அதுக்குத்தான் இந்தப் பிரதியைக் கையோட கொண்டுபோறேன். பழைய பதிலை என் போன்லேர்ந்து அழிச்சுட்டேன். அவர் போன்ல இருக்கும்னு என் பையன் சொல்றான். அதையும் நேர்ல பார்த்துக்கணும்.

முறைக்காதீங்க தம்பி. அந்த அம்மாவை நினைச்சுத்தான் போறேன். வேற எதுக்குப் போறேன்?

புத்தகத்தை ஏன் இன்னும் ஆப்புலேர்ந்து எடுக்கலைன்னா? நல்ல கேள்வி. எடுக்கலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நீக்கக் காரணம்னு ஒரு கட்டம். அதை நிரப்பினாத்தான் அடுத்ததுக்கே போகும். பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தேன். எத்தனை பேருக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவன் நான், அந்த ஒரு கட்டத்துக்கு ஒரு வரி வரலை. என்னன்னு எழுதறது? திருத்திப் புதுசா ஏத்தறோம்னு எழுதலாம்னு நினைச்சேன், அப்ப பழசுல என்ன தப்புன்னு கேப்பான். எழுதி எழுதி அழிச்சேன். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன். போயிட்டு வந்து பார்த்துக்கலாம். முகப்புல இருக்கிறது இன்னும் மூணு நாளைக்குத்தான்.

எட்டு. கேட்டுச்சா?

மொத்தம் எவ்வளவு போயிருக்குமா? முந்நூத்திச் சொச்சம். எல்லாரும் தைலமா காய்ச்சப் போறாங்க? தம்பி, நாப்பது பேர் வாங்கினா நாலு பேர் திறப்பாங்க, ஒருத்தர் படிப்பாங்க. இந்தத் தொழில்ல நான் கண்டது அதுதான். ஒருத்தரும் படிக்க மாட்டேங்கிறாங்களேன்னு முப்பது வருஷமா அழுதவன் நான். இப்ப ஒருத்தர் படிச்சிருக்கார். வரி விடாம படிச்சு, சரக்கு எல்லாம் தேடி வாங்கி, ஒரு பிசகு இல்லாம காய்ச்சியிருக்கார். இவர் மட்டும் ஏன் படிச்சார்னு இருக்கு எனக்கு.

உங்க அம்மாவுக்கு எத்தனை வயசு? அறுபத்தி நாலா? மதிவாணன் அம்மாவுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. வயசானவங்களாத்தான் இருக்கும். வயசானவங்க காலையில லேட்டாத்தான எந்திரிப்பாங்க? பல்லு விளக்கி, காப்பி குடிச்சு... பத்து மணியாவது ஆகாதா? ஆகும். எங்க அம்மாவுக்கெல்லாம் ஆகும்.

ஒரத்தநாடு தாண்டிட்டோமா? எப்பத் தாண்டினோம்? நான் கவனிக்கவே இல்லை.

இருங்க. போன் அடிக்குது. இது டிங் இல்லை, போன்தான் வருது. பேரு பாருங்க, எனக்குக் கண்ணாடி... மதிவாணனா? நல்லாப் பாருங்க. அவர்தானா?

தம்பி, நீங்க எடுங்க. எடுத்து, குரல் எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. சாதாரணமாப் பேசினா என்கிட்டக் கொடுங்க. அழற மாதிரி இருந்தா ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுங்க. சொல்லுவீங்கல்ல? எடுங்க, நின்னுடப்போகுது.

யாரு? பொம்பளைக் குரலா? அவர் சம்சாரமா?

எந்த ஆஸ்பத்திரி? பட்டுக்கோட்டையா?

காலையில ஆறு மணிக்கேவா! நான் எட்டு மணிக்குத்தான தம்பி பார்த்தேன். ஆறு மணிக்கு நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன். ஆறு மணிக்குக் கொடுத்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட.

உசிரு இருக்குல்ல? கேளுங்க தம்பி, உசிரு இருக்கான்னு கேளுங்க. இழுத்துக்கிட்டு இருக்குன்னா என்ன அர்த்தம்? இருக்குன்னுதான?

அவர் எங்க போனாராம்? பாட்டிலை எடுத்துவர வீட்டுக்கா? சரி. இந்த அம்மாவுக்குப் போன்ல புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தெரியலையா? எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க முடியலையாமா? ஆமா, முடியாது. எனக்கே முடியலை. யாருக்குத் தெரியணும்? டாக்டருக்கா? அதுல என்னென்ன சேர்ந்திருக்குன்னு டாக்டருக்கு உடனே தெரியணுமா?

என்கிட்ட நீட்டாதீங்க தம்பி. ராங் நம்பர்னு சொல்லுங்கன்னுதான சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பேராவூரணியே போக வேண்டாம், உங்க கூடவே பட்டுக்கோட்டையில இறங்கி அடுத்த வண்டி பிடிச்சு ஊர் திரும்பி...

சத்தம் போடாதீங்க. எல்லாரும் பார்க்கறாங்க.

கொடுங்க. சரி, கொடுங்க. இந்தாங்க, உங்க அம்மா எக்ஸ்ரேயைப் பிடிங்க. அந்தப் பை ஜிப்பைத் திறந்து விடுங்க, என்னால முடியலை.

ஹலோ. வணக்கங்க டாக்டர். ஆமாங்க, பொன்வயல் அமிர்தலிங்கம்தான் பேசறேன். எங்க புத்தகத்துல சரியாத்தாங்க இருக்கு டாக்டர். அதை முதல்ல குறிச்சுக்குங்க. ஸ்லிப் ஒட்டியிருக்கோம், "மேலே பூச மட்டும்"னு. புத்தகம் கையில வச்சிருக்கேன், இதோ திறக்கிறேன். நூத்திப் பன்னெண்டு.

தம்பி, கீழ விழுது, அதைப் பிடிங்க. அந்தத் துண்டுக் காகிதம். ஸ்லிப்பு தம்பி. பசை காய்ஞ்சு கையோட வந்துடுச்சு.

இருக்கேங்க டாக்டர், லைன்லதான் இருக்கேன். இல்லைங்க, இப்ப அது ஒட்டியில்லை. அடியில இருக்கிற வரியா? அதைப் படிக்கணுங்களா?

"உள்ளுக்கு. காலை மாலை ஒரு கரண்டி."

ஆமாங்க. அச்சுல அப்படித்தான் இருக்கு. எங்க அச்சுதான். சரக்கைச் சொல்றேன், எழுதிக்குங்க. முதல்ல எட்டிக்கொட்டை. அடுத்தது...

என்னங்க டாக்டர்? நடுவுல என்ன சத்தமா?

அது ஒண்ணும் இல்லைங்க. இன்னொருத்தர் வாங்கியிருக்காரு.